தாவீது மச்சான் சொன்ன சாட்சி

செங்கல்பட்டு
5-6-1954

கர்த்தருக்குள் பிரியமான அக்காள் ரெபேக்காளுக்கு, தம்பி ஏசுபாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் பொன்னியும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மச்சானுக்கு இருமல் நின்றதா என்று எழுது.

மச்சானின் ரோலிகார்டு கேமராவை இன்றைக்குப் பத்து மணி பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். துணியில் சுற்றி, வைக்கோல் வைத்து, பிஸ்கோத்து டப்பாவில் போட்டிருக்கிறது. குனிந்து பார்த்தால் உள்ளே இருட்டடிக்கிறது என்று மச்சான் சொன்னது வாஸ்தவம்தான். இந்தக் கேமராவுக்கு மேல் லென்சு பார்ப்பதற்கு, கீழ் லென்சு படம் பிடிப்பதற்கு. மேல் லென்சில் வருவதை ஒரு ரசக் கண்ணாடி மேலே திருப்பி விடுகிறது. உங்கள் ஊர் உப்புக் காற்று அந்த ரசத்தின் மேல் பாசி மாதிரி படிந்துவிட்டது. மேலே மச்சான் குனிந்து பார்க்கிற தேய்த்த கண்ணாடியைக் கழற்றி, ரசத்தைப் பஞ்சால் துடைத்து, தேய்த்த கண்ணாடியையும் சோப்புத் தண்ணீரில் அலசி மாட்டிவிட்டேன். ஒரு மத்தியான வேலை. இப்போது பார், பட்டப்பகல்.

ஸ்டேஷன் பக்கத்து ரேடியோ கடைக்காரர், "கடியாரம் ரிப்பேர் பண்றவன் ஜெர்மன் கேமராவைத் தொறந்துட்டானாமே" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். மூர் மார்க்கெட்டில் நாலு வாரம் அலைந்து, சீமைக்குக் கப்பலேறிய துரையின் கேமரா என்று விசாரித்து, மச்சானுக்கு வாங்கிக் கொடுத்தவனே நான்தானே. அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

உன் தம்பி
ஏசுபாதம்

மகாபலிபுரம்
24-6-1954

பிரியமுள்ள தம்பிக்கு, அக்காள் எழுதுவது. உங்கள் இருவருக்கும் சமாதானம் உண்டாவதாக. முழங்கால் அப்படியேதான் கிடக்கிறது, அதை விடு.

கேமரா பத்திரமாக வந்தது. உன் மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, "பாதம் கைகாரன்தான்" என்றார். அவர் வாயால் அப்படி வருவது அபூர்வம், எழுதி வைத்துக்கொள்.

இன்னொரு சமாசாரம். இங்கே கல் கோயில்களைப் பார்த்துக்கொள்கிற ஆபீசில் மாசச் சம்பளத்துக்குப் போட்டோக்காரர் தேடுகிறார்களாம். ஆபீசரே இவரைக் கூப்பிட்டு, ஐந்து ரதத்தையும் பக்கத்தில் ஆள் நிற்க வைத்து எடுத்து வா, பார்க்கிறேன் என்றாராம். மூன்று வருஷமாகக் கடற்கரையில் டூரிஸ்டுக்குப் பின்னால் ஓடிப் பிழைக்கிறோம். மழைக்காலம் வந்தால் அதுவும் இல்லை. இந்த வேலை கிடைத்தால் உன் அக்காள் நிம்மதியாக உட்காருவாள்.

ஆனால் படம் சரியாக வரவில்லை. கழுவிக் காயப்போடுகிற வேலை என்னுடையது, முதலில் பார்த்தவள் நான்தான். ஆள் முகம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருக்கிறது. பின்னால் நிற்கிற யானைக் கல் மட்டும் நறுக்கென்று விழுந்திருக்கிறது. மருந்து பழசோ என்று புதுசு கலக்கி இன்னொரு ரோல் போட்டோம். அதுவும் அப்படியே. ஆபீசர் ஜூலை முடிய தவணை கொடுத்திருக்கிறார். கேமராவை மறுபடி அனுப்புகிறேன், உடனே பார்.

ரெபேக்காள்

செங்கல்பட்டு
11-7-1954

அன்புள்ள அக்காளுக்கு, ஏசுபாதம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. பொன்னிக்கு மட்டும் பல்வலி.

கேமராவை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். ஷட்டரை எல்லா வேகத்திலும் தட்டினேன், கடியாரம் மாதிரி ஓடுகிறது. எதிர்க் கிளப்புக் கடையில் சாக்கட்டியால் 'நாஸ்தா தயார்' என்று எழுதியிருக்கிறான். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் தெரிகிறது. ரோல் போட்டு எடுத்துப் பார்க்கவில்லை. சீமை ஃபிலிம் கிடைக்கிற லட்சணம் உனக்கே தெரியும். அதற்கு அவசியமும் இல்லை.

கேமரா மேல் குற்றம் இல்லை அக்கா. சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. எனக்கு நறுக்கென்று தெரிவது மச்சானுக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? மச்சானுக்கு நாற்பத்திரண்டு ஆகிறது. நல்ல டாக்டரிடம் கண்ணைக் காட்டச் சொல். நான் கேமராவுக்குத்தான் ரிப்பேர்காரன், மச்சானுக்கு இல்லை என்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்.

ஏசுபாதம்

மகாபலிபுரம்
5-8-1954

தம்பிக்கு அக்காள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை.

நீ எழுதியதை நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் கண் இருண்டதும், கடைசிப் பத்து வருஷம் கிணற்றுக்குக் கயிறு கட்டி அதைப் பிடித்து நடந்ததும் உனக்குத் தெரியும். அதேதான் தனக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். மதராசுக்குப் போய்க் கண்ணாஸ்பத்திரியில் காட்டலாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். "போயி இன்னான்னு கேக்கறது? எப்போ குருடாவேன்னு தேதி கேக்கறதா?" என்கிறார். திருக்கழுக்குன்றத்துச் சந்தையில் மூக்குக் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தார். படம் மறுபடியும் கெட்டது.

தவணை முடிவதற்கு முன்னால் தானே போய், வேலை வேண்டாம் என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டு வந்தார். வெளியூர்க்காரர் ஒருவரைப் போட்டுவிட்டார்கள். போகட்டும் அது.

இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடந்து பழகுகிறார். நேற்று நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். "ரெபேக்கா, கொஞ்சம் அப்டியே நில்லு" என்றார். எதற்கு என்றேன். "பாத்து வெச்சிக்கறேன்" என்றார். மீனை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய் அழுதேன். பெற்றவளைப் பறிகொடுத்த அன்று கூட நான் அப்படி அழவில்லை.

அவருக்காக ஜெபம் பண்ணு.

ரெபேக்காள்

மகாபலிபுரம்
30-8-1954

மாப்பிள்ளை ஏசுபாதத்துக்கு தாவீது எழுதுவது. நான் சுகம். பொன்னியைக் கேட்டதாகச் சொல்.

கண்டக்டரிடம் கேமரா கொடுத்திருக்கிறேன். இதை ரிப்பேர் செய்ய வேண்டாம், விற்றுக் கொடு. உனக்கு அந்தக் கடைகள் பழக்கம். நல்ல கையில் போய்ச் சேர்ந்தால் போதும். லென்சில் ஒரு கீறல் இல்லை என்பதை வாங்குகிறவரிடம் எடுத்துச் சொல், மூன்று வருஷமும் வேட்டித் துணியால்தான் துடைத்திருக்கிறேன்.

உன் அக்காளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். டப்பாவில் கேமராவுக்குப் பதில் கல்லைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தெரிகிறபோது தெரியட்டும். கண் போன பிறகு இது வீட்டில் இருந்தால் தினமும் எடுத்துத் தடவிக்கொண்டிருப்பேன். அது வேண்டாம் எனக்கு.

தாவீது

(இது தபாலில் சேர்க்காதது)
செங்கல்பட்டு
6-9-1954

மச்சான் அவர்களுக்கு, ஏசுபாதம்.

மதுராந்தகத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் உங்கள் கேமராவை வாங்க வந்தார். மாதிரிக்கு நாலு படம் எடுத்துக் காட்டு என்றார். அவரே ரோல் கொடுத்தார். கிளப்புக் கடைக்காரரை வாசலில் நிறுத்தி நானே எடுத்தேன். கழுவிப் பார்த்தால் அவர் முகம் மங்கல், பின்னால் சுவரில் இருக்கிற செங்கல் ஒவ்வொன்றும் எண்ணலாம். எனக்கு முப்பத்தொரு வயசு. என் கண்ணுக்கு என்ன கேடு?

மேல் மூடியைக் கழற்றினேன். தேய்த்த கண்ணாடிக்கு ஒரு பக்கம் வழுவழுப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பு கீழே ரசத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அது மேலே பார்த்து இருந்தது. ஜூன் மாசம் அலசி மாட்டினவன் நான்தான். கண்ணாடியின் கனம் காலணாக் காசு அளவுதான். அவ்வளவு தப்பினால் போதும், குனிந்து பார்க்கிறவனுக்கு ஆள் முகம் நறுக்கென்று தெரியும், ஃபிலிமில் ஆளுக்குப் பின்னால் இருப்பதுதான் விழும். யானைக் கல் தெளிவாக இருக்கிறது என்று அக்காள் எழுதினாளே. கண் கெட்டவன் ஒரு படத்தில் முன்னால் தவறுவான், ஒரு படத்தில் பின்னால் தவறுவான். எல்லாப் படமும் ஒரே பக்கம் தவறினால் அது கேமராதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. கிளப்புக் கடைப் பலகையைப் பார்த்துவிட்டு உங்களைக் குருடர் ஆக்கினேன்.

மச்சான், உங்கள் கண்ணுக்கு ஒன்றும்

செங்கல்பட்டு
6-9-1954

மச்சான் அவர்களுக்கு ஏசுபாதம் வணக்கம் சொல்லி எழுதுவது. இவ்விடம் அனைவரும் சுகம்.

கேமராவை விற்கவில்லை. வாங்க வந்தவர் ஆள் சரியில்லை. உள்ளே கொஞ்சம் தூசி தட்டி, திரும்ப அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு ரோல் ஃபிலிம் இருக்கிறது, அது என் அன்பளிப்பு. விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கண் சில சமயம் தானாகவே தெளியும் என்று சொல்கிறார்கள்.

அக்காளுக்கு முழங்காலுக்குத் தைலம் வைத்திருக்கிறேன்.

ஏசுபாதம்

மகாபலிபுரம்
3-10-1954

என் ராசா தம்பிக்கு, அக்காள் எழுதுவது. கர்த்தர் நல்லவர். எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம், சுகம், சுகம்.

உன் மச்சானுக்குப் பார்வை திரும்பிவிட்டது. நீ அனுப்பிய ரோலை வேண்டா வெறுப்பாகத்தான் எடுத்தார். கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். என் கண் இமை மயிர் கூடத் தெரிகிறது தம்பி. கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைய அழுதார்.

நான் உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. எங்கள் உபதேசியார் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து, இவர் கண்ணின் மேல் கையை வைத்து ஜெபம் பண்ணினார். மூன்றாவது வெள்ளி கழிந்த செவ்வாய்க்கிழமை கேமரா வந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் இவர் எழுந்து நின்று, "இருண்டுகினு இருந்த கண்ணைக் கர்த்தர் தொறந்தாரு" என்று சாட்சி சொன்னார். ஈரம் இல்லாத கண் ஒன்று கூட இல்லை. அன்றிலிருந்து வீட்டில் ஆள் கூட்டம். வாய் பேசாத பிள்ளையைக் கூடத் தூக்கி வருகிறார்கள்.

பக்கத்து வீட்டு வேண்டாவை உனக்குத் தெரியும், கோயில் வாசலில் கிளிஞ்சல் மாலை விற்கிறவள். அவளுக்கு விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது, ஒரு பக்கம் தலை இடிக்கிறது. மதராசில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி இங்கே டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். உன் மச்சானின் சாட்சியைக் கேட்டுவிட்டு, கத்தி எதற்கு என்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டாள். இவர் தினமும் சாயந்திரம் போய் அவளுக்காக ஜெபிக்கிறார். அவளுக்கும் தெளியும்.

நீ ஏன் ஒரு கார்டு கூடப் போடவில்லை?

ரெபேக்காள்

செங்கல்பட்டு
16-10-1954

அன்புள்ள அக்காளுக்கு. சுகம். மச்சானுக்குக் குணமானதில் மிக்க சந்தோஷம்.

வேண்டாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். ஜெபம் பாட்டுக்கு நடக்கட்டும், ஆஸ்பத்திரிக்கும் போகட்டும். மச்சானுடைய கண் வேறு, அவளுடைய கண் வேறு. கிழித்த சீட்டுக்குப் பதில் வேறு வாங்கிக்கொள்ளலாம். அவசியம் போகச் சொல்.

வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

ஏசுபாதம்

மகாபலிபுரம்
10-11-1954

தம்பிக்கு அக்காள். மழை விடாமல் பெய்கிறது, சுவரெல்லாம் ஊறிவிட்டது. நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். கோபம் வந்துவிட்டது. "எனக்கு எந்த ஆஸ்பத்திரிக்காரன் கண்ணு குடுத்தான்? உன் தம்பிக்கு விசுவாசம் அவ்ளோதான்" என்றார். இந்த மாசம் 28-ம் தேதி அறுப்பின் பண்டிகை. நாலு ஊர்ச் சபையும் ஒன்றாகக் கூடுகிறது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல உபதேசியார் இவரைத்தான் கேட்டிருக்கிறார். நீயும் பொன்னியும் வர வேண்டும்.

வேண்டாவுக்குப் போன வாரம் வலது கண் இருண்டுவிட்டது. ஒரே நாளில் போய்விட்டது. இடது கண்ணும் எரிகிறது என்கிறாள். இன்னும் விசுவாசம் போதவில்லை என்று அவளே தன்னைத் திட்டிக்கொள்கிறாள்.

ஏசுபாதம், சின்ன வயசிலிருந்தே நீ எதையாவது முழுங்கினால் எழுத்து சின்னதாகிவிடும். போன கடிதத்தில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. என்ன அது?

ரெபேக்காள்

செங்கல்பட்டு
12-11-1954

மச்சான் அவர்களுக்கு ஏசுபாதம் எழுதுவது. சுகம் விசாரிக்கிற யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை. உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கண் ஒரு நாளும் கெடவில்லை. ஜூன் மாசம் நான் கேமராவின் தேய்த்த கண்ணாடியைத் தலைகீழாக மாட்டினேன். அதனால்தான் படம் கெட்டது. செப்டம்பரில் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி மாட்டினேன். அதனால்தான் படம் சரியானது. இடையில் நடந்தது எல்லாம் என் வாயால் வந்தது. உங்களுக்கு அந்த மாசச் சம்பள வேலை போனதும் என்னால்தான்.

அன்றைக்கே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, பாதியில் நிறுத்திவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். ரேடியோ கடைக்காரர் சிரிப்பாரே என்று முதலில் மறைத்தேன். நீங்கள் சபையில் எழுந்து நின்ற பிறகு, சொன்னால் உங்களைச் சிரிப்பார்களே என்று மறைத்தேன். இந்த இரண்டாவது காரணம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது மச்சான்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் வேண்டாவிடம் படித்துக் காட்டுங்கள். அவளை மதராசுக்குக் கூட்டிப் போங்கள். ஒரு நாள் தாமதிக்காதீர்கள்.

ஏசுபாதம்

மகாபலிபுரம்
2-12-1954

ஏசுபாதத்துக்கு தாவீது. நாங்கள் சுகம். உன் சுகத்தை இந்தத் தடவை கேட்கவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷம்தான் வந்தது, என் கண்ணுக்கு ஒன்றும் இல்லையே என்று. இரண்டாம் தடவை உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஒரு மாசத்துக்கு மேல் நான் கிணற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். உன் அக்காள் உன் பெயரை எடுப்பதில்லை. "யானைக் கல்லு நறுக்குன்னு கீதுன்னு எழுதினனே, அந்தப் பாவி படிச்சானா இல்லியா" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

அன்றைக்கே வேண்டா வீட்டு வாசலில் நின்று படித்துக் காட்டினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் மதராசுக்குக் கூட்டிப் போனேன். அவள் முறைக்குக் காத்திருந்தபோது நானும் சீட்டு வாங்கிக் கண்ணைக் காட்டினேன். படிப்பதற்கு மட்டும் மூக்குக் கண்ணாடி போதும் என்றார் டாக்டர். ஆகஸ்டு மாசம் உன் அக்காள் கெஞ்சினபோதே போயிருந்தால் நான் யாருக்கும் சாட்சி சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பங்கு என்னுடையது, உன் தலையில் போடவில்லை.

28-ம் தேதி பந்தலில் நாலு சபை ஜனங்களுக்கு முன்னால் எழுந்து நின்றேன். சாட்சி சொல்லப் போகிறேன் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். ஒரு மூலையில் சிரித்தார்கள். உபதேசியாரின் முகம் கறுத்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகத்தான் பட்டினி கிடந்தார். அதையும் சொன்னேன். கர்த்தரால் ஆகாது என்று நான் சொல்லவில்லை, எனக்கு ஒன்றும் ஆகவே இல்லை என்றுதான் சொன்னேன். கண் வலிக்கிறவர்கள் டாக்டரிடம் போங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வேண்டாவுக்கு இடது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். அது பிழைத்துவிடும் என்கிறார்கள். வலது கண் போனது போனதுதான். அக்டோபரில் வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடிதம் எழுதியது யார் என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். அவள் உன்னைத் திட்டவில்லை. "ஒரு மாசம் முன்னாடி போட்டிருக்கக் கூடாதா அந்தக் கடுதாசிய?" என்று கேட்டாள்.

அது என்னைக் கேட்ட கேள்வி இல்லை. சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் ஏறி வா. நான் பஸ் நிற்கிற இடத்தில் இருப்பேன். நேரே அவள் வீட்டுக்குப் போவோம், நீயே பதில் சொல்.

தாவீது